கேள்வி ஞானத்துக்கு எத்தனை மதிப்பெண்?

பிள்ளை பியானோ கற்கிறது என்று சொன்னால் போதும், “எத்தனையாவது கிரேடு?” என்பதுதான் அடுத்த கேள்வி. ஐந்தாவது கிரேடு முடித்த பிள்ளையிடம், வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை வாசித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். “நோட்ஸ் இல்லையே” என்று கையை விரித்துவிடும். விரல்கள் நன்றாகவே ஓடும். கேட்டதை விரலுக்குக் கொண்டுவரும் பழக்கம்தான், கேட்டே பிடிக்கும் அந்தக் கேள்வி ஞானம்தான், இல்லை.

பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த கிரேடு தேர்வுகளை நடத்தும் பிரிட்டிஷ் இசை வாரியமான ஏபிஆர்எஸ்எம்மின் செய்முறைத் தேர்வில், 150 மதிப்பெண்ணில் மூன்று உருப்படிகளுக்கு 90. காதைச் சோதிக்கும் பகுதிக்கு 18. கணக்குத் தெரிந்த எந்த ஆசிரியரும் அந்த 90ஐத்தான் குறிவைப்பார். ஆண்டு முழுக்க மூன்றே உருப்படிகளைத் தேய்த்துத் தேய்த்து வாசித்து, சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்டியாகிறது.

நம் ஊரில் இது நடப்பதுதான் எனக்கு எரிச்சல். குரு பாட, சீடர் திருப்பிப் பாட, அப்படியே வளர்ந்த சங்கீதம் கர்நாடக சங்கீதம். நோட்டில் எழுதிக்கொள்ளும் ஸ்வரங்கள் ஞாபகக் குறிப்புதான். ஸ்வரத்தை அசைத்து இழைத்துப் பாடும் கமகம் அதில் ஏறாது. பாட்டு வகுப்பில் இதை இயல்பாக ஏற்றுக்கொள்ளும் அதே வீடு, கீபோர்டு வந்ததும் காகிதத்தைக் கும்பிடத் தொடங்கிவிடுகிறது.

கேள்வி ஞானம் பிறவியிலேயே வர வேண்டும் என்பார்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். தென் மாவட்டத் தேவாலயங்களில் ஞாயிறு ஆராதனைக்குப் போய்ப் பாருங்கள். மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலைக்கு டியூன் புத்தகத்தைத் திறந்துவைத்து நான்கு குரல்களையும் பார்த்து வாசிப்பவர், நம் ராகத்தில் பாடும் கீர்த்தனை என்றதும் புத்தகத்தை மூடிவிடுவார். சபையில் ஒரு பெரியவர் தமக்கு வந்த சுருதியில் எடுத்துவிடுவார். வாசிப்பவரின் இடது கை கீழ் ஸ்தாயியில் ஒரு கட்டையை மெல்லத் தொடும். ஒட்டவில்லை என்றால் பக்கத்துக் கட்டை. பல்லவியின் முதல் வரி முடிவதற்குள் ஆதார ஷட்ஜம், அதாவது பாட்டின் ‘ஸ’, அகப்பட்டுவிடும், அடுத்த வரியில் வலது கையும் சேர்ந்துகொள்ளும். (கீபோர்டின் சுருதியையே மாற்றித்தரும் டிரான்ஸ்போஸ் பொத்தான் வந்த பிறகு சிலருக்கு இது துருப்பிடித்துவிட்டது. அது வேறு கதை.) வாரம் தவறாமல், வேறு வழியில்லாமல் செய்து செய்து வந்த பழக்கம் இது.

எங்கே தொடங்குவது? கறுப்புக் கட்டைகளில். ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ஒரு ‘ஸ’விலிருந்து அடுத்த ‘ஸ’ வரை, ஐந்துதான். வெள்ளைப் பக்கமே போக வேண்டாம். மூன்றாகச் சேர்ந்திருக்கும் கறுப்புக் கட்டைகளில் முதலாவது எஃப் ஷார்ப். அதை ஷட்ஜமாக வைத்து, இடது கையில் அதையே ஒலிக்கவிட்டு, மேலே போங்கள்: மோகன ராகம். அடுத்த கட்டையை ஷட்ஜமாக்கினால் அதே ஐந்து கட்டைகள் மத்யமாவதி ஆகிவிடும். மூன்றாவதில் ஹிந்தோளம். இரட்டையாக இருப்பவற்றில் முதலாவது சுத்த சாவேரி, இரண்டாவது சுத்த தன்யாசி. வித்வான்கள் கிரக பேதம் என்பது இதைத்தான். தாளில் எழுதினால் எல்லாம் அதே ஐந்து ஸ்தானங்கள்; எது ஷட்ஜம் என்று காதுதான் தீர்மானிக்கிறது. சில நாள் இதிலேயே கிடந்தால், மோகனப் பாட்டு எங்கே கேட்டாலும் விரல் குறுகுறுக்கும்.

அமெரிக்கப் பாடலாசிரியர் இர்விங் பெர்லின் பெரும்பாலும் இந்தக் கறுப்புக் கட்டைகளிலேயே வாசித்தார். நோட்டேஷன் படிக்கத் தெரியாதவர். சுருதி மாற்ற, நெம்புகோல் வைத்த பியானோ. பாட்டை எழுதிவைக்க உதவியாளர்.

அந்த உதவியாளரையும் மறந்துவிடக் கூடாது. காகிதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மன் இசைமேதை பாக் எழுதிய, நாலு குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் ஃபியூகைக் கேட்டே பிடித்துவிடுகிறேன் என்று கிளம்புவது வீம்பு. சினிமா ஒலிப்பதிவில் வயலின் வாசிப்பவர், முன்னால் வைத்த தாளை அப்போதே வாசித்தாக வேண்டும். அந்தத் தாளை இளையராஜா எப்படி எழுதுகிறார்? வாத்தியத்தைத் தொடாமல், மனத்தில் கேட்பதை நேராகத் தாளில் இறக்குகிறார். நம் வகுப்புகளிலோ தாளில் இருப்பது காதைத் தொடாமலே விரலுக்குப் போகிறது.

யூடியூபில் வண்ணக் கோடுகள் கட்டைமேல் வந்து விழும் காணொளிகளைப் பார்த்து வாசித்துவிட்டு, “நோட்ஸ் இல்லாமல் கற்றேன்” என்பவர்களும் உண்டு. அங்கேயும் கண்தான் வேலை செய்கிறது.

ஆசிரியர்களிடம் கேட்பது கொஞ்சம்தான். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் புத்தகத்தை மூடிவிடுங்கள். பிள்ளைக்குப் பிடித்த பாட்டில் ஒரே ஒரு வரி. அதுவே தேடிப் பிடிக்கட்டும். விரல் தப்பான கட்டையில் விழுந்தால் திருத்தப் போகாதீர்கள். பிள்ளைக்கே முகம் கோணும், பக்கத்துக் கட்டைக்குத் தானாகப் போகும்.