கோபுரத்தின் பழைய பெட்டிகளை விட்டுவிடக் கூடாது

‘நாம் ஜூன் பைக்’ என்ற வீடியோ கலைஞர் தொலைக்காட்சிப் பெட்டிகளை அடுக்கி உருவாக்கிய கோபுரம் முழுவதிலும் தட்டைத் திரைகளை மாட்டிவிடலாம் என்று ஒரு கட்டுரை சொன்ன யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. தென்கொரியாவின் குவாச்சொன் அருங்காட்சியகத்தில் 1988இல் எழுந்த அந்தக் கோபுரத்தில் 1003 பெட்டிகள். பாதுகாப்புக் கருதி 2018இல் அணைத்தார்கள். 2022இல் மீண்டும் ஒளிர்ந்தபோது 266 பெட்டிகளுக்கு மட்டுமே புதிய தட்டைத் திரை. மற்றவற்றைப் பழுதுபார்த்தோ, அதே வகைப் பழைய பெட்டிகளை மாற்றிவைத்தோ மீட்டார்கள். எவ்வளவு பொறுமையான வேலை! பழைய பெட்டிக்குள் படத்தைக் காட்டும் படக்குழாயின் புடைத்த கண்ணாடியும், பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் மங்காத அந்த ஒளியும் தட்டைத் திரையில் வராது. தவிர, குழாய் செய்த ஆலைகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன, பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் அருகிவிட்டார்கள், கண்ணாடியில் கலந்த ஈயம் மட்டும் உலகெங்கும் குப்பைமேடுகளில் கிடக்கிறது. இதையெல்லாம் நம்மை யோசிக்கவைப்பது அந்தப் பழைய பெட்டிதான். கழற்றிய குழாய்களையும் கோபுரத்தின் அருகிலேயே காட்சிக்கு வைக்க வேண்டும்.