ஒரு நாளைக்கு இரண்டு வரி

எங்கள் குன்னூரில் யார் வீட்டில் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தாலும், அதோடு சேர்ந்து என்னிடம் ஒரு கேள்வியும் வந்துவிடும்: "இந்தக் குழந்தைக்கு என்ன பின்னப் போறீங்க?" சில ஆண்டுகளாக நான் சொல்லும் பதில் ஒன்றுதான், ஒரு குல்லா. கேட்பவர் முகம் சற்று வாடுவதை நான் கவனிக்காமல் இல்லை. போர்வையோ, பூவேலை செய்த ஸ்வெட்டரோ எதிர்பார்த்திருப்பார்கள். ஆனாலும், வீடும் வேலையும் பிள்ளைகளும் முதியவர்களுமாக நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண், பிறக்கப்போகும் குழந்தைக்குத் தன் கையால் ஏதாவது செய்து கொடுக்க விரும்பினால், அவள் பின்னவேண்டியது குல்லாதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 35 செ.மீ. இருக்கும். பின்னல் இழுபடும் தன்மையுடையது என்பதால், குல்லா தலையோடு ஒட்டி நிற்க 33 செ.மீ. போதும். மெல்லிய 4 பிளை நூலையும் 10ஆம் எண் ஊசியையும், அதாவது 3.25 மி.மீ. ஊசியை, கொண்டு பின்னினால் என் கைக்குப் பத்து செ.மீ. அகலத்தில் 28 கண்ணிகள், அதாவது ஊசியில் விழும் நூல் வளையங்கள், வருகின்றன. ஆகவே ஒரு குல்லாவுக்கு 92 கண்ணிகள். 92 கண்ணிகள் கொண்ட ஒரு வரியை முடிக்க எனக்கு நான்கு நிமிடம் ஆகும். பார்டரிலிருந்து உச்சிவரை அறுபது வரிகளுக்குச் சற்று மேல் வரும். ஒரு நாளைக்கு இரண்டு வரி என்றால் ஒரு மாதத்தில் குல்லா முடிந்துவிடும்; நூலும் 25 கிராமுக்குள் அடங்கிவிடும்.

இதே நூலில் 75 செ.மீ. சதுரமான போர்வையை எடுத்துக்கொண்டால், ஒரு வரிக்கு 210 கண்ணிகள், மொத்தம் 270 வரிகள். ஒரு வரிக்கு ஒன்பது நிமிடம் என்று வைத்தாலும் நாற்பது மணி நேரத்தைத் தாண்டிவிடும். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் மட்டுமே கிடைக்கும் ஒருத்திக்கு அது எட்டு மாத வேலை. செய்தி தெரிந்த நாளே தொடங்கினாலும் பிரசவத்துக்கு முன்னால் முடியாது. என் தம்பியின் முதல் குழந்தைக்கு நான் தொடங்கிய போர்வை, அந்தக் குழந்தை எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் முடிந்தது. அதைக் கொடுத்த அன்று தம்பி மனைவி மகிழ்ச்சியாகத்தான் வாங்கிக்கொண்டாள். ஆனால் அந்தக் குழந்தை கைக்குழந்தையாக இருந்த காலத்தில் என் கை பட்ட ஒரு துணிகூட அதன் மேல் இருந்ததில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அந்தப் பத்து நிமிடம் எங்கே கிடைக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து, இரண்டு பிள்ளைகளுக்கும் டிபன் பாக்ஸ் கட்டி, தேயிலைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வரும் கணவருக்குச் சாப்பாடு எடுத்துவைத்து, அத்தைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு ஊட்டிப் பேருந்தைப் பிடிப்பவள் நான். அருவங்காட்டில் இருக்கை கிடைத்தால் கேத்தி வருவதற்குள் ஒரு வரி முடிந்துவிடும். இரவில் குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் இன்னொரு வரி. பின்னலின் பெரிய சிறப்பே அதை எந்த வரியின் முடிவிலும் நிறுத்திவிட்டுப் போகலாம் என்பதுதான். கோலமாவு கையில் இருக்கும்போது குழந்தை அழுதால் கோலம் கலைந்துவிடும். தையல் இயந்திரத்தில் துணி பாதியில் நின்றால் தையல் கோணிவிடும். பின்னலில் அந்த வரியை மட்டும் முடித்து ஊசியைப் பையில் போட்டுவிட்டால், மூன்று நாள் கழித்து எடுத்தாலும் அது விட்ட இடத்திலேயே காத்திருக்கும்.

என்ன நிறம் என்பதிலும் நம் நாட்டுக்கே உரிய ஒரு சூழல் இருக்கிறது. கருவிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருப்பதால், இங்கே முன்கூட்டியே பின்னுபவர்கள் இளமஞ்சள், பிஸ்தாப் பச்சை, பால்வெள்ளை என்றே நூலைத் தேர்ந்தெடுக்கிறோம். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. யார் வந்தாலும் இது உனக்குத்தான் என்று சொல்லிக் காத்திருக்கும் நிறங்கள் அவை. இன்னொன்றும் உண்டு: நம் குடும்பங்கள் பலவற்றில் குழந்தை பிறக்கும் முன் அதற்கென்று புதிதாக எதையும் வாங்கிவைக்க மாட்டார்கள், பிறந்தவுடன் பழைய வேட்டியிலோ, தாயின் நைந்த பருத்திச் சேலையிலோதான் சுற்றுவார்கள். அதனால் வளைகாப்புக்குப் போகும்போது நான் குல்லாவைக் கொண்டுபோவதில்லை. அது முடிந்து, துவைத்து, என் பெட்டியில் இருக்கும். குழந்தை பிறந்த பிறகே அந்த வீட்டுக்குப் போகும். நல்லபடியாக வளர்ந்த பிள்ளையின் துணியைப் பச்சிளங்குழந்தைக்கு முதலில் போடும் வழக்கத்தால், என் மூத்த மகளுக்குப் பின்னிய வெள்ளைக் குல்லா இதுவரை ஐந்து தலைகளைச் சுற்றி வந்திருக்கிறது. இப்போது அது எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு 33ஆம் வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தையின் எடை ஒன்றே முக்கால் கிலோ. கங்காரு தாய்ப் பராமரிப்பு என்று சொல்லப்படும் முறையில், குழந்தையை நாளெல்லாம் தாயின் மார்போடு தோலும் தோலும் சேர அணைத்து வைத்திருந்தார்கள். இன்குபேட்டர்கள் போதாத நிலையில், 1978ஆம் ஆண்டு கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கப்பட்டு, பிறகு உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கும் முறை அது. அந்த நேரத்தில் குழந்தையின் உடலில் இருப்பவை ஒரு நாப்கின், ஒரு குல்லா, காலுறைகள், அவ்வளவுதான். பெரியவர்களின் தலை உயரத்தில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தைக்கோ நான்கில் ஒரு பங்கு. திறந்திருக்கும் தலை வழியாக வெப்பம் வெளியேறிவிடும். குறைமாதக் குழந்தைக்கு அதை ஈடுகட்டத் தோலுக்கடியில் கொழுப்பும் போதாது. கடையில் வாங்கிய குல்லாக்கள் எல்லாம் அந்தக் குழந்தையின் கண்ணுக்கு மேல் இறங்கி நின்றன.

அவள் தொலைபேசியில் அழுதுகொண்டே, "அக்கா, தலை முப்பது செ.மீ.தான் இருக்கு" என்றாள். நான் வார்டு நர்ஸிடம் பேசி, வீட்டில் பின்னியதைப் போடலாமா என்று கேட்டுக்கொண்டேன். 80 கண்ணிகள் போட்டுத் தொடங்கினேன். அந்த இரண்டு இரவுகள் என் வீட்டில் யாரும் என்னை எதற்கும் அழைக்கவில்லை. அத்தை தானே எழுந்து பிள்ளைகளுக்குத் தோசை வார்த்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை துவைத்து, வெயில் காணாததால் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஈரம் போக்கி எடுத்துப்போன அந்தக் குல்லா, ஒரு பெரிய சாத்துக்குடி அளவில் என் உள்ளங்கையில் அடங்கி இருந்தது. அது அந்தத் தலையில் சரியாக உட்கார்ந்தது. நாள்தோறும் எடை பார்க்கும்போதெல்லாம் அவள் எனக்குக் கிராம் கணக்கைச் சொல்லி அனுப்புவாள். இரண்டு கிலோவைத் தாண்டிய நாள் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு வந்தது.

"கடையில கிடைக்காததா?" என்பவர்களுக்கு நான் நேர்மையாகவே பதில் சொல்வேன். நிறைமாதக் குழந்தைக்குக் கடைக் குல்லா போதும். அதன் கதகதப்பில் எந்தக் குறையும் இல்லை. மலையிறங்கினால் திருப்பூர் இருக்கிறது. நாட்டின் பின்னலாடைத் தலைநகர் அது. குழந்தையின் பனியன் துணியைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள்: என் ஊசியில் விழும் அதே கண்ணிகள், ஒன்றுக்குள் ஒன்றாக, மிக நுண்ணியதாக வரிசையிட்டிருக்கும். இயந்திரத்தை நான் போட்டியாக நினைக்கவில்லை. ஆனால் இந்த ஒரு தலைக்கு 80 கண்ணிகள், அந்த ஒரு தலைக்கு 92 என்று எண்ணித் தொடங்குவது கையால் மட்டுமே முடியும் வேலை.

கையால் செய்தது என்பதாலேயே அது குழந்தைக்கு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்லவேண்டும். கழுத்தில் முடிச்சுப் போடும் ரிப்பன், நீளமான கயிறு, குஞ்சம், ஒட்டவைத்த மணி எதுவும் வேண்டாம். கையுறை, காலுறைகளின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்து, தொங்கும் நூல் ஒன்றுகூட இல்லாதபடி ஊசியால் உள்ளே கோத்து அடக்கிவிட வேண்டும். அப்படி ஓர் இழை பச்சிளங்குழந்தையின் விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டமே நின்றுபோகும்; குழந்தை ஏன் அழுகிறது என்று யாருக்கும் தெரியாது. ஓட்டை ஓட்டையான பூவேலைப் பின்னலும் இதே காரணத்தால் கைக்குழந்தைக்கு ஆகாது. ஒரு வயதுவரை தூங்கும் இடத்தில் தளர்ந்த போர்வை இருக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். நான் போர்வையைக் கைவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். நிறைமாதக் குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு, தூங்கவைக்கும்போது குல்லாவையும் கழற்றிவிட வேண்டும் என்பதே அவர்கள் அறிவுரை, ஏனென்றால் அது முகத்தில் இறங்கலாம், உடல் அளவுக்கு மீறிச் சூடாகலாம். எங்கள் மலையில் இதைச் சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் குல்லாவைக் கொடுக்கும்போது தாயிடம் இதைச் சொல்லாமல் நான் திரும்புவதில்லை.

நூலிலும் கவனம் வேண்டும். கடைகளில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். துவைக்க எளிது, தோலை உறுத்தாது. ஆனால் நெருப்பு பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கணப்புச் சட்டியின் பக்கத்திலோ, சாம்பிராணி போடும் இடத்திலோ அந்தக் குல்லாவோடு குழந்தையைக் கொண்டுபோகவே கூடாது. அசல் ஆட்டுக் கம்பளி அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் வெந்நீரில் கசக்கினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். இரவில் மூன்று முறை எழுந்து பால் கொடுக்கும் ஒரு தாயிடம், இதைத் தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்து என்று சொல்வது அவளுக்குப் பரிசு கொடுப்பது ஆகுமா? வாளியில் மற்றத் துணிகளோடு போட்டுத் துவைக்கக் கூடியதாக இருக்கவேண்டும் என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

குடும்பத்தாரிடமும் ஒரு வார்த்தை. ஒரு பெண் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் "சும்மாதானே இருக்க" என்று ஒரு வேலையைச் சொல்லத் தோன்றும். அவள் வரியின் நடுவில் இருக்கிறாள். நான்கு நிமிடம் பொறுத்துக் கேளுங்கள். என் கணவர் இப்போதெல்லாம் "வரி முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறார். பதினொரு வயது மகன் நூல்கண்டு சுற்றித் தருகிறான். சென்ற மாதம் நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களையும் கற்றுக்கொண்டு, எனக்குத் தெரியாமல் பார்டரில் ஒரு வரி பின்னியும் வைத்திருந்தான். ஓரிடத்தில் இரண்டு கண்ணிகள் இடம் மாறியிருந்தன. நான் அதைப் பிரிக்கவில்லை.

அந்தக் குல்லா நாத்தனார் மகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு உரியது. அவள் இருப்பது மதுரையில், மாதம் சித்திரை. அந்த வெயிலுக்கு உல்லன் வேண்டாம் என்று பருத்தி நூல் வாங்கியிருக்கிறேன். பருத்தி அவ்வளவாக இழுபடாது என்பதால் நான்கு கண்ணிகள் கூட்டி 96 போட்டிருக்கிறேன். நேற்றிரவோடு நாற்பத்தோராம் வரி முடிந்தது.