செனாப் பாலத்தை ஒருவரே கட்டினாரா?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியை ஜி. மாதவி லதா, காஷ்மீரின் செனாப் ரயில் பாலத்தைத் தனி ஒருவராக வடிவமைத்துக் கட்டினார் என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் சுற்றுகிறது. பாராட்டும் எண்ணம் நல்லதுதான், தகவல் தவறு.

அவர் சென்னை ஐஐடியில் ஆய்வுப் பட்டம் பெற்ற சிவில் பொறியாளர். பாலத்தைக் கட்டிய ஆஃப்கான்ஸ் நிறுவனத்துக்கு 17 ஆண்டுகள் மண், பாறை இயல் ஆலோசகராக இருந்தார். மலைச்சரிவு சரியாமல் காப்பதும், சரிவில் அடித்தளம் அமைப்பதும் அவர் பொறுப்பு. அது லேசான வேலையும் அல்ல. தோண்டத் தோண்ட உடைந்த பாறை, உள்ளே வெற்றிடங்கள். கையில் இருந்த வரைபடத்தை அப்படியே பின்பற்ற முடியவில்லை. கண்ணில் பட்டதற்கு ஏற்ப, சிமென்ட் கலவையைச் செலுத்தியும் பாறையில் கம்பிகளை இறக்கியும் வடிவமைப்பைத் திருத்திக்கொண்டே போனார்கள். பாலத்தின் 467 மீட்டர் எஃகு வளைவை வடிவமைத்தவர்கள் வேறு பொறியாளர்கள்.

2025 ஜூனில் பாலம் திறக்கப்பட்டதும் அவரே லிங்க்டுஇன்னில் இதை விளக்கி, பாராட்டுக்கு உரிய ஆயிரக்கணக்கானோரில் தானும் ஒருவர் என்றார். தன்னைத் தேவையின்றிப் பிரபலமாக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அந்தப் பதிவைப் படித்துப் பாருங்கள். பழைய செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.