'உண்மையான காரணம்' கண்டுபிடித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் தேடிப் போய்ப் பார்க்கவும் வேண்டாம், ஒன்றேகால் மணி நேரம் மிச்சம். மேன்சன் கொலைகள் என்றால், 1969 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் சார்லஸ் மேன்சன் என்பவன் தன் சீடர்களை ஏவி, அடுத்தடுத்த இரண்டு ராத்திரிகளில் நடிகை ஷாரன் டேட் உட்பட ஏழு பேரைக் கொன்றது. அதைப் பற்றிப் பேசுகிறேன் என்று உட்கார்ந்தவர், கடைசிப் பத்து நிமிஷத்தில் குரலைத் தாழ்த்தி "உண்மையான காரணம் என்ன தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, போதைப்பொருள் பேரம் என்று முடித்தார். நான் கீழே மரியாதையாக இரண்டே சொல்லில் ஒரு கேள்வி கேட்டேன்: "யாருடைய காரணம்?" அதற்குத்தான் எனக்கு 'அரசுத் தரப்பு வக்கீல்' என்று பட்டம் கிடைத்தது. வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள் வேறு.

சரி, பட்டத்தை வாங்கிக்கொள்கிறேன். கேள்வியை வாபஸ் வாங்குவதாக இல்லை.

அந்தக் கொலைகளுக்கு அரை நூற்றாண்டாக ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். அரசு வக்கீல் வின்சென்ட் புலியோசி சொன்னது ஊருக்கே தெரியும். பீட்டில்ஸ் 1968 நவம்பரில் வெளியிட்ட வெள்ளை உறை ஆல்பத்தில் 'ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்' என்று ஒரு பாட்டு. அதில் தனக்குச் செய்தி இருப்பதாக மேன்சன் நம்பினான். கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் போர் மூளும், கறுப்பர்கள் ஜெயிப்பார்கள், ஆனால் ஆளத் தெரியாமல் திணறுவார்கள், அப்போது கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்குப் பாலைவனத்தில் குழிக்குள் ஒளிந்திருந்த தன் கூட்டம் வெளியே வந்து உலகத்தை ஆளும். போரைத் தொடங்கிவைக்கத்தான் கொலைகள், பழி கறுப்பர்கள் மேல் விழவேண்டும். கேட்டால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறதா? பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் இரண்டாவது ராத்திரி கொல்லப்பட்ட லாபியான்கா தம்பதியின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அந்தப் பாட்டின் பெயரை, எழுத்துப் பிழையோடு, ரத்தத்தால் எழுதியது புலியோசி அல்ல.

இதைச் சொன்னால் உடனே 'வக்கீல் கட்டிய கதையை நம்புகிறாயே' என்கிறார்கள். நான் 17 வருஷம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். வக்கீல்கள் எதற்காகக் கதை கட்டுவார்கள் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். கொலை வழக்கில் நோக்கத்தை நிரூபித்தே ஆகவேண்டும் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை. ஆனால் புலியோசிக்கு அது தேவைப்பட்டது. 1969 ஆகஸ்ட் 8 ராத்திரி, ஷாரன் டேட் குடியிருந்த சியலோ டிரைவ் வீட்டுக்குக் கொலை செய்யப் போனவர்களில் மேன்சன் இல்லை. கத்தியைத் தொடாத ஒருத்தனை அந்த ஐந்து கொலைகளோடு கட்ட வேண்டுமென்றால் கயிறு வேண்டும். ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்தான் அந்தக் கயிறு. ஆக, அந்தக் காரணத்துக்கு நீதிமன்றத்தில் ஒரு வேலை இருந்தது. இதை நானே ஒப்புக்கொள்கிறேன், போதுமா?

இப்போது நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த காரணத்துக்கும் ஒரு வேலை இருந்தது.

நண்பர்கள் சிலர் பெருமையாகக் கொண்டுவந்த 'நகல் கொலை' விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஜூலைக் கடைசியில் மேன்சன் கூட்டத்தார் இசை ஆசிரியர் கேரி ஹின்மனைக் கொன்றுவிட்டுச் சுவரில் ரத்தத்தால் 'பொலிட்டிகல் பிக்கி' என்று எழுதியிருந்தார்கள். ஆகஸ்ட் 6 அன்று கூட்டத்தைச் சேர்ந்த பாபி போசொலே ஹின்மனின் காரோடு பிடிபட்டான். இரண்டே நாளில் சியலோ டிரைவ், அங்கே கதவில் 'பிக்'. போசொலே உள்ளே இருக்கும்போதே அதே மாதிரி கொலை நடந்தால் போலீஸ் அவனை விட்டுவிடும் என்று கணக்கு. தேதிகள் கச்சிதமாகப் பொருந்துகின்றன, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் காரணம் நீதிமன்றத்தில் எப்போது வந்தது? குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, தண்டனை என்ன என்று விவாதிக்கும் கட்டத்தில். சொன்னது கொலையாளிகளில் ஒருத்தியான சூசன் அட்கின்ஸ். யோசனை, கூடப் போய்விட்டுப் பிறகு அரசுத் தரப்புச் சாட்சியான லிண்டா கசாபியனுடையது, மேன்சனுக்குச் சம்பந்தமே இல்லை என்று கூடவே சொன்னாள். குருவைத் தூக்கு மேடையிலிருந்து, அங்கே அது விஷவாயு அறை, காப்பாற்றத்தான் அந்தக் காரணம் வேலை செய்தது.

டெர்ரி மெல்ச்சர் கதையும் அப்படித்தான். தன் பாட்டைப் பதிவு செய்யாத தயாரிப்பாளர் மேல் மேன்சனுக்குக் கோபம், அதனால் அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பினான் என்பது. மெல்ச்சர் அந்த வருஷ ஆரம்பத்திலேயே அந்தச் சியலோ டிரைவ் வீட்டைக் காலி செய்துவிட்டார், மேன்சனுக்கும் அது தெரியும். 'மெல்ச்சர் முன்பு குடியிருந்த வீடு' என்று அடையாளம் சொல்லித்தான் அனுப்பினான். ஆளைத் தேடிப் போகவில்லை. வீட்டைத் தேடிப் போனார்கள்.

இதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்: யாருடைய காரணம்? ஏவியவனுடையதா, குத்தியவர்களுடையதா, கதவோரம் நின்றவளுடையதா? எல்லோருக்கும் சேர்த்து ஒரே காரணம் இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

லிண்டா கசாபியனைப் பாருங்கள். கூட்டம் தங்கியிருந்த ஸ்பான் பண்ணைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அன்று ராத்திரி மேன்சன் அவளிடம் மாற்று உடை, கத்தி, ஓட்டுநர் உரிமம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, அன்று ஆட்களைக் கூட்டிப்போன டெக்ஸ் சொல்வதைச் செய் என்றான். இது அவளே சாட்சி சொன்னது. இனப்போரும் இல்லை, போதைப் பேரமும் இல்லை. லைசென்ஸ் இருந்தது, அதனால் போனாள். இரண்டு ராத்திரியும் கொலைக்குப் போன பட்ரீஷியா கிரென்விங்கல் 1967இல் மேன்சனோடு கிளம்பியபோது கடைசிச் சம்பளக் காசோலையைக்கூட வாங்கவில்லை, காரை நிறுத்திய இடத்திலேயே விட்டுவிட்டுப் போனாள். லெஸ்லி வான் ஹவுட்டனுக்கு 19 வயது. முதல் ராத்திரி தன்னைச் சேர்க்கவில்லையே என்று ஏங்கி, இரண்டாவது ராத்திரி தானே விரும்பிப் போனாள். இந்த மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு 'உண்மையான காரணம்' வைத்திருக்கிறாராம் நம்ம ஆள்.

சம்பளத்தை விட்டுப் போனதைப் படித்தபோது எனக்கு எங்கள் பெரியப்பா மகள் ஞாபகம் வந்தது. நேரலைக்காரர்களுக்கு இது சம்பந்தமில்லாததுபோல் தெரியலாம், எனக்கு இருக்கிறது. அவள் ஒரு நாள் மத்தியானம் அலுவலகத்திலிருந்து எழுந்து போனவள், ஒரு தியானக் கூட்டத்தோடு போய்விட்டாள். மேசையில் சாப்பாட்டு டப்பா இருந்தது. அதைக் கழுவித் துடைத்து ஒரு வாரம் கழித்து ஒருவர் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். பெரியம்மா அதை வாங்கிய கையோடு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது ஆராய்ச்சி. கல்யாணம் தள்ளிப்போன ஏக்கம் என்றார் ஒருவர். பெரியப்பாவின் கண்டிப்பு என்றார் இன்னொருவர். அங்கே ஒரு பையன் இருக்கிறான் என்று, ஆதாரம் எதுவும் இல்லாமல், என் சொந்த அத்தை சொன்னார். ஒவ்வொரு காரணத்திலும் குற்றவாளி மாறினாரே தவிர, அந்தக் கூட்டத்தின் தலைவர் பெயர் யார் வாயிலும் வரவில்லை. மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தாள். ஒரே ஒரு தடவை என்னிடம் பேசினாள். "முதல் நாள் வாசலில் கிடந்த செருப்பையெல்லாம் வரிசையாக அடுக்கச் சொன்னார்கள். அடுக்கினேன். மறுநாள் வேறொன்று சொன்னார்கள்." அவ்வளவுதான். நான் இன்னும் ஏதோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

'அப்படியென்றால் அந்தப் பெண்கள் பாவம், மூளைச்சலவை, விட்டுவிடலாம் என்கிறாயா?' என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நான் எங்கே சொன்னேன்? காரணம் கேட்பதும் மன்னிப்பதும் ஒன்றா? வான் ஹவுட்டன் 53 வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு 2023 ஜூலையில் வெளியே வந்தார். அது சரியா என்று கேட்டால் ஒரு நாள் ஒரு மாதிரி தோன்றுகிறது, மறுநாள் வேறு மாதிரி தோன்றுகிறது. ஷாரன் டேட்டின் அம்மா டோரிஸை நினைத்தால் தோன்றுவது ஒரே மாதிரிதான். மகளும், பிறக்க இரண்டு வாரமே இருந்த பேரக்குழந்தையும் போனபிறகு வருஷக்கணக்கில் முடங்கிக் கிடந்த அந்த அம்மா, இவர்களுக்குப் பரோல் கேட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும் எழுந்தார். பதிலுக்கு மூன்றரை லட்சம் கையெழுத்து வாங்கினார். பரோல் விசாரணை அறைக்குள் போய்க் கொலையாளிகளுக்கு எதிரே உட்கார்ந்து பேசினார்.

மேன்சனை ஆட்டிவைத்ததே அமெரிக்க உளவுத்துறைதான் என்கிற சிஐஏ கோஷ்டிக்கு ஒரு வரி. இருபது வருஷம் இதைத் தோண்டிய பத்திரிகையாளரே, மனத்தைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சி செய்த மருத்துவரும் மேன்சனும் சந்தித்தார்கள் என்று நிரூபிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டார். நீங்கள் எதற்கு மல்லுக்கட்டுகிறீர்கள்? கொலைகள் நடந்து ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 16 அன்று, கார் திருட்டுக்காக ஸ்பான் பண்ணையை வளைத்து எல்லோரையும் பிடித்தவர்கள், வாரண்டில் தேதி சரியில்லை என்று விட்டுவிட்டார்களே என்றால், ஆமாம், அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அரசாங்க அலுவலகத்தில் தேதி தப்பாகப் போடுவதற்கு உளவுத்துறை வேண்டியதில்லை.

இப்போது போதைக்கு வருகிறேன். எனக்கு வலித்தது அங்கேதான். அந்த வீட்டில் கஞ்சா இருந்தது, அங்கே கொல்லப்பட்ட செப்ரிங்கின் காரில் கொகெய்ன் இருந்தது, எல்லாம் பதிவில் இருப்பதுதான். அதை வைத்துக்கொண்டு நம்ம பேச்சாளர் சிரித்தபடி சொன்னாரே, "அங்கே இருந்தவர்கள் மட்டும் என்ன, சுத்தமானவர்களா?" என்று. அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு நீளம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டீவன் பேரண்டுக்கு 18 வயது. அந்த வீட்டுக்காரர்களை அவனுக்குத் தெரியவே தெரியாது. தோட்டத்துப் பின்வீட்டில் காவலுக்கு இருந்த பையனிடம் ஒரு கடிகார ரேடியோவை விற்க வந்தான். செருகிப் பாட வைத்துக் காட்டினான், அவன் வேண்டாம் என்றான். வயரைப் பிடுங்கி, ரேடியோவைக் காரில் வைத்துக்கொண்டு கிளம்பியவனை கேட்டுக்குப் பக்கத்திலேயே சுட்டார்கள். இவன் எந்தப் பேரத்தில் இருந்தான்? மறுநாள் ராத்திரி லாபியான்கா தம்பதி, லெனோவும் ரோஸ்மேரியும், ஏரிக்குப் போய்விட்டு, படகைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வீடு திரும்பும் வழியில் பத்திரிகைக் கடையில் நிறுத்தினார்கள். டேட் கொலைகளைப் பற்றித்தான் கடைக்காரரிடம் பேசினார்கள், ரோஸ்மேரி ரொம்பக் கலங்கிப்போயிருந்தார். செய்தித்தாளை வாங்கிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் அவர்களுக்கும் சியலோ டிரைவுக்கும் இருந்த தொடர்பு.

இன்னொன்று. போதைப் பேரம் என்பது ஏதோ மறைக்கப்பட்ட உண்மைபோல் பேசுகிறார்களே, லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் முதல் நாளே பிடித்துக்கொண்ட காரணமே அதுதான். ஹின்மன் வழக்கை விசாரித்த ஷெரிஃப் துறைக்காரர்கள் ஆகஸ்ட் 10 அன்றே போய், 'எங்கள் வழக்கிலும் சுவரில் ரத்த எழுத்து இருக்கிறது, ஸ்பான் பண்ணையில் ஒரு கூட்டம் இருக்கிறது' என்று சொன்னார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் இது போதை விவகாரம் என்று சொல்லி, அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. செப்டம்பர் 1 அன்று ஒரு 10 வயதுப் பையன் தன் வீட்டுத் தோட்டத்தில் கிடந்த துப்பாக்கியை, ரேகை அழியக்கூடாது என்று குழாயின் நுனியை மட்டும் பிடித்துத் தூக்கினான். வந்த போலீஸ்காரர் இரண்டு கையாலும் பிடித்து வாங்கிக்கொண்டார். டிசம்பரில் அந்தப் பையனின் அப்பா தாமாகவே போன் செய்து ஞாபகப்படுத்தும் வரை, டேட் வீட்டில் பயன்பட்ட அந்தத் துப்பாக்கி வேறொரு காவல் நிலையத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. நடுவில் மரணப் பள்ளத்தாக்கில் மேன்சன் பிடிபட்டதுகூடக் கொலைக்காக இல்லை. உலகத்தை ஆள வந்தவர், கைகழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த சின்ன அலமாரிக்குள் மடங்கி உட்கார்ந்திருந்தார். வெளியே தொங்கிய தலைமுடி காட்டிக்கொடுத்தது.

'நீ உணர்ச்சிவசப்படுகிறாய், தர்க்கம் இல்லை' என்று யாராவது எழுதப்போகிறீர்கள், தெரியும். எழுதுங்கள். எனக்கு விஷயம் தெரியாது என்று மட்டும் எழுதாதீர்கள், அது கோபத்தைக் கிளப்புகிறது.

நேரலையின் இரண்டாம் பாகம் அடுத்த ஞாயிறு வருகிறதாம், 'அந்த வீட்டுக்குள் நடந்தது என்ன' என்று தலைப்பு. அந்த வீட்டை 1994இலேயே இடித்துத் தள்ளிவிட்டார்கள், கதவு எண்ணைக்கூட மாற்றிவிட்டார்கள். பார்ப்பவர்கள் பாருங்கள். நான் அன்று பெரியப்பா மகள் வீட்டுக்குப் போகிறேன்.