0.1 பிஎச்சுக்கு நடந்த வழக்கு

புளிப்பை அளக்கும் பிஎச் எண்ணில் 3.6க்கும் 3.7க்கும் நடுவே எவ்வளவு தூரம்? ஊசிமருந்து ஆலையில் தரம் பார்க்கும் க்யூசி லேபில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிஎச் தெரிந்த கரைசல்களான பஃபர் 4, பஃபர் 7 இரண்டிலும் மீட்டரின் எலெக்ட்ரோடை முக்கிச் சரிபார்த்து, கழுவி, ஒற்றியெடுத்து சாம்பிளில் வைப்போம். கடைசி இலக்கம் 6, 7, 6 என்று கொஞ்ச நேரம் ஆட்டம் காட்டிவிட்டுத்தான் நிற்கும். அமெரிக்காவில் ஒரு வழக்கு முழுக்க அந்த இடைவெளியில்தான் நடந்தது.

மருந்து வாசோபிரசின். ரத்தத்தில் கிருமி பரவி பிரஷர் விழுந்துகொண்டே போகும்போது ஐசியூவில் பிரஷரைத் தூக்கும் நார்அட்ரினலினோடு சேர்த்து ஏற்றுவார்கள். பார்க்-டேவிஸ் கம்பெனி 1920களிலேயே விற்ற சரக்கு. அத்தனை பழசு என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதல் இல்லாமலே விற்பனையில் இருந்தது. குப்பி சில டாலர்தான். 2014 ஏப்ரலில் வாசோஸ்ட்ரிக்ட் என்ற பெயரில் ஒப்புதல் கிடைத்தது. அது பார் ஃபார்மாவின் கையில் இருந்தது. மற்றவை வெளியேற, விலை 100 டாலரைத் தாண்டியது. 2021இல் மட்டும் விற்பனை சுமார் 90 கோடி டாலர்.

மூலக்கூறுக்கு பேட்டன்ட் வாங்க வழியில்லை, அது பாட்டன் காலத்துச் சொத்து. அதனால் புளிப்புக்கு வாங்கினார்கள்: பிஎச் 3.7 முதல் 3.9 வரை. அந்த அளவில் மருந்து மெதுவாகச் சிதைகிறது என்பது வாதம். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். ஸ்டெபிலிட்டி சாம்பிள்களை மாதக்கணக்கில் வைத்துக் காத்திருந்தவனுக்கு அந்த உழைப்பு தெரியும். ஆனால் குப்பி கெடாமல் இருக்கும் நாளைக் கூட்டியதற்கு சந்தை முழுவதையும் எழுதிக் கொடுக்கலாமா? அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை.

ஈகிள் ஃபார்மா செய்தது எளிய வேலை. வாசோஸ்ட்ரிக்டின் முதல் ஃபார்முலாவே 3.4 முதல் 3.6தான். அதையே எடுத்துக்கொண்டு ஜெனரிக்குக்கு, அதாவது அதே மருந்தின் நகலை விற்க, விண்ணப்பம் போட்டது. 2018இல் பார் அதன்மேல் வழக்குப் போட்டது. குப்பிக்குள் நாளாக ஆக பிஎச் மேலே நகரும், 3.7ஐத் தொடும் என்று பார் தரப்பு வாதாடியது. நகரும்தான், அதில் பொய்யில்லை. ஆனால் தொடும் என்று நிரூபிக்க முடியவில்லை. 2021 ஆகஸ்டில் டெலவேர் மாநிலத்தில் உள்ள நீதிமன்றம் பேட்டன்ட் மீறல் இல்லை என்றது. 2022 ஜனவரியில் ஜெனரிக் வந்தது. அந்த ஆகஸ்டில் மேல்முறையீடும் தோற்றது. அதே மாதம் பாரின் தாய் நிறுவனமான எண்டோ திவால் மனு போட்டது. அதற்கு முக்கியக் காரணம் கடனும், போதைக்கு அடிமையாக்கும் ஓபியாய்டு வலிமருந்துகள் தொடர்பான வழக்குகளும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், ஈகிளை ஏழைப்பங்காளன் என்று நினைத்துவிடாதீர்கள். பென்டமஸ்டின் 1960களில் கிழக்கு ஜெர்மனியில் பிறந்த புற்றுநோய் மருந்து. அதை 10 நிமிடத்தில் ஏற்றும்படி மாற்றி பேட்டன்ட் வாங்கியது இதே ஈகிள். அதைக் காக்க டெவா என்ற மருந்து நிறுவனத்தோடு சேர்ந்து போய் நின்றதும் அதே டெலவேர் நீதிமன்றம்தான். அங்கே ஜெயித்தும் விட்டார்கள்.