பின்தங்கிய பள்ளிக்கு நோட்டீஸ் போதாது, ஆள் வேண்டும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு மாவட்டந்தோறும் ஒரு கூட்டம் நடக்கும். முதன்மைக் கல்வி அலுவலர் முன்னால் தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் ஒவ்வொருவராக எழுந்து காரணம் சொல்ல வேண்டும். எந்தப் பாடத்தில் பிள்ளைகள் அதிகம் தவறினார்களோ அந்த ஆசிரியருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போகும். சில இடங்களில் பேச்சு 17(அ) என்ற ஒழுங்கு நடவடிக்கை வரை போகும். ஜூனில் பள்ளி திறந்ததும் 'மெல்லக் கற்போர்' பட்டியல், மாலைச் சிறப்பு வகுப்பு, குறைந்தபட்சக் கற்றல் கையேடு என்று ஓடும். அடுத்த மே மாதம் மறுபடியும் அதே கூட்டம். எழுந்து நிற்கும் பள்ளிகளும் பெரும்பாலும் அவையேதான்.

2024 பத்தாம் வகுப்பில் அரியலூர் 97.31 சதவீதத்தோடு முதலிடம், வேலூர் 82.07 சதவீதத்தோடு கடைசி. அரியலூர் ஒன்றும் பணக்கார மாவட்டம் இல்லை. ஆகவே வறுமை என்ற ஒற்றைக் காரணத்தைச் சொல்லிவிட்டு நகர முடியாது. அதே நேரம் இந்த 15 சதவீத இடைவெளியை நோட்டீஸ் கொடுத்து மூடவும் முடியாது. மாநிலக் கல்வித்துறை தடுமாறும் பள்ளிகளுக்கு உண்மையிலேயே கை கொடுக்க வேண்டுமானால், குறைவான பள்ளிகளைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, அந்த வகுப்பறைகளுக்குள் ஒரு நல்ல ஆளை நீண்ட காலம் உட்கார வைக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குத் துணைதான்.

முதலில் எந்தப் பள்ளி தடுமாறுகிறது என்று கண்டுபிடிப்பதிலேயே தப்பு நடக்கிறது. 28 பேர் தேர்வு எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் மூன்றரை சதவீதம் போய்விடும். இந்த வருடம் நூறு, அடுத்த வருடம் தொண்ணூறு என்றால் அந்தப் பள்ளி கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம் இல்லை; மூன்று பிள்ளைகள் தவறியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சிறு பள்ளிகளை மூன்று வருடக் கணக்கைச் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். இதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. தேர்ச்சி சதவீதத்தை மட்டும் பார்த்தால், பலவீனமான பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே 'நீண்டநாள் வராதவர்' கணக்கில் தள்ளவோ, டுடோரியலில் எழுதிக்கொள்ளச் சொல்லவோ பள்ளிக்கு ஆசை வரும். சதவீதம் ஏறிவிடும், பிள்ளை காணாமல் போயிருக்கும். எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பில் தேறினார்கள் என்று கேட்டால் அந்தக் கதவு அடைபடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வித்துறையின் தரவுத்தளமான எமிஸில் ஓர் எண் இருக்கிறது. இந்தக் கணக்கைப் போட ஆசிரியரிடம் புதிதாக ஒரு படிவமும் கேட்க வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்பில் வெடிக்கும் பிரச்சினைக்கு வேர் மூன்றாம் வகுப்பில் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேரும் ஒரு பையன் கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதிவிடுவான். நோட்டைத் திருத்துகிறவருக்குச் சந்தேகமே வராது. அவன் எழுதியதையே வாசிக்கச் சொன்னால் தலை குனிந்துகொள்வான். 'கொக்கு' என்பதைக் 'கெ' என்று தொடங்கிப் பக்கத்துத் துணைக்காலைத் தனி எழுத்தாகப் பார்த்து நின்றுவிடுவான். கு, சு, து என்று உகர வரிசை எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் இடத்தில் ஊகித்துச் சொல்வான். இவனுக்கு அறிவியல் ஆசிரியர் ஒளிச்சேர்க்கை நடத்துகிறார். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய தேர்வு வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பார்க்காத ஒரு பத்தி, ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே கூப்பிட்டு ஒரு நிமிடம் வாசிக்க வைப்பது, இரண்டே கேள்வி. ஆளுக்கு மூன்று நிமிடம் வைத்தாலும் 30 பேருக்கு ஒன்றரை மணி நேரம். ஆறாம் வகுப்பு தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் இதை முடித்தால், துறையின் கையில் தேர்ச்சிப் பட்டியலைவிடப் பல மடங்கு பயனுள்ள பட்டியல் இருக்கும். ஒரே நிபந்தனை: இந்தக் கணக்கை வைத்து யாருக்கும் நோட்டீஸ் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடுத்த வருடம் எல்லாப் பிள்ளைகளும் 'நன்றாக வாசிப்பார்கள்'.

தொடக்க வகுப்புகளுக்காக 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அடிப்படைச் சிந்தனை சரியானது என்பதே என் கருத்து. பிள்ளையை வகுப்பை வைத்துப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையை வைத்துப் பார்ப்பதைத்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் வெகுகாலமாகக் கேட்டு வந்தார்கள். ஆறு முதல் ஒன்பது வரை 'திறன்' என்று அதை நீட்டியதும் நல்லதே. ஆனால் திட்டம் வகுப்பறைக்குள் வரும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். ஈராசிரியர் பள்ளியில் இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கிறார்கள். ஒருவர் பயிற்சிக்கோ, வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலைக்கோ, கூட்டத்துக்கோ போய்விட்டால் மிச்சம் இருக்கிற ஒருவர் கையில் ஐந்து வகுப்பும், மூன்று நிலைகளும், செயலியில் ஏற்ற வேண்டிய மதிப்பீடும். அன்றைக்கு எந்தப் பிள்ளை அரும்பிலிருந்து மொட்டுக்கு நகரும்?

இந்த இடத்தில்தான் வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர் தேவைப்படுகிறார். பள்ளிக்குப் போய் ஆசிரியரின் தோளோடு தோள் நின்று கற்பித்தலை மேம்படுத்துவதற்காகவே அந்தப் பணியிடம். நடைமுறையில் அவருடைய நாள் எமிஸ் விவரம் சரிபார்ப்பது, இடைநின்ற பிள்ளைகள் கணக்கெடுப்பு, பயிற்சி ஏற்பாடு, தேர்வுப் பணி, மேலிடம் மாலைக்குள் கேட்கும் அறிக்கை என்று கரைகிறது. பள்ளிப் பார்வை என்று போனாலும் செல்போனில் படிவத்தை நிரப்பி, பார்வைப் பதிவேட்டில் 'கற்றல் அடைவை மேம்படுத்த ஆவன செய்யவும்' என்று எழுதிவிட்டு அடுத்த பள்ளிக்குப் போக வேண்டியிருக்கிறது. அவர்மேல் குற்றம் சொல்லவில்லை. ஒருவர் தலையில் இத்தனை பள்ளிகளைக் கட்டினால் வேறு எப்படி நடக்கும்?

கணக்கு எளிது. வாரத்துக்கு ஐந்து வேலை நாள். ஒரு பயிற்றுநருக்கு இரண்டே பள்ளிகள், பள்ளிக்கு இரண்டு நாள், ஐந்தாம் நாள் வள மையத்தில் திட்டமிடல். முதல் நாள் காலை பயிற்றுநரே அரும்பு நிலைப் பிள்ளைகளுக்கு எடுக்கட்டும், வகுப்பாசிரியர் பக்கத்தில் அமர்ந்து பார்க்கட்டும். மறுநாள் ஆசிரியர் எடுக்க, பயிற்றுநர் பார்க்கட்டும். மாலையில் இருபது நிமிடம் இருவரும் உட்கார்ந்து, எந்தப் பிள்ளை எங்கே தடுக்கினான், அடுத்த வாரத்துக்குள் எந்த ஐந்து பேரை நகர்த்துவது என்று மட்டும் பேசட்டும். இப்படிக் குறைந்தது இரண்டு கல்வியாண்டு. எல்லாப் பள்ளிக்கும் இதைச் செய்ய ஆள் கிடையாது என்பது உண்மை. அதனால்தான் வட்டாரத்துக்கு ஆறு அல்லது எட்டுப் பள்ளிகள் மட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு எடுக்க வேண்டும். 'எல்லாப் பள்ளிகளுக்கும் சமமாக' என்று பிரித்தால் ஒரு பள்ளிக்கும் போதாது.

இது வெறும் ஆசையில்லை என்று காட்ட ஒரு மாநிலம் இருக்கிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி அந்த நாட்டின் மிக ஏழை மாநிலங்களில் ஒன்று. 2013ல் நான்காம் வகுப்பு வாசிப்பில் தேசிய அளவில் கடைசி வரிசையில் இருந்தது. அந்த ஆண்டு எழுத்தறிவுச் சட்டம் ஒன்றை இயற்றினார்கள். மாநிலக் கல்வித்துறையே வாசிப்புப் பயிற்றுநர்களை நியமித்து, மிகப் பின்தங்கிய பள்ளிகளுக்கு நேரடியாக அனுப்பியது. தகுதியில் விட்டுக்கொடுக்கவில்லை, விண்ணப்பித்தவர்களில் சிறு பகுதியினரையே எடுத்தார்கள். ஆசிரியர்களுக்கு வாசிப்பு எப்படி வருகிறது என்பதில் நீண்ட பயிற்சி கொடுத்தார்கள். 2013ல் பொறுப்பேற்ற கேரி ரைட் 2022 வரை கல்வித்துறைத் தலைவராக இருந்ததால் நடுவில் திசை மாறவில்லை. 2019ல் அந்த மாநிலம் தேசிய சராசரியைத் தொட்டது, 2024ல் தாண்டியது. வாசிக்கத் தெரியாத பிள்ளையை மூன்றாம் வகுப்பிலேயே நிறுத்தி வைக்கும் விதியும் அந்தச் சட்டத்தில் உண்டு. அதை இங்கே கேட்கவே மாட்டேன். 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து 2020ல் திரும்பப் பெற்ற மாநிலம் தமிழ்நாடு. அந்த முடிவு சரியானது. எடுக்க வேண்டியது பயிற்றுநரை, பிள்ளையை நிறுத்துவதை அல்ல.

அதே நாட்டில் நேர் எதிரான அனுபவமும் இருக்கிறது. 2009க்குப் பிறகு மிக மோசமான பள்ளிகளைத் தூக்கிவிட என்று மத்திய அரசு சுமார் 700 கோடி டாலர் கொட்டியது. தலைமையாசிரியரை மாற்று, பாதி ஆசிரியர்களை மாற்று, பள்ளியையே மூடு என்று சில வழிகள். பள்ளிகள் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பணத்தால் மதிப்பெண்ணிலோ, பள்ளிப் படிப்பை முடிப்பதிலோ, கல்லூரிச் சேர்க்கையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்று அரசு செய்த மதிப்பீடே 2017ல் சொன்னது. பணத்தையும் பயத்தையும் சேர்த்து அனுப்பினாலும் வகுப்பறைக்குள் கற்பித்தல் மாறாவிட்டால் ஒன்றும் நகராது.

நல்ல பயிற்றுநரை அனுப்பினாலும் பயிற்சி பெறும் ஆசிரியர் அங்கே நிலைத்திருக்க வேண்டுமே. வட மாவட்டங்களின் பெரிய நோய் இதுதான். புதிதாக நியமனம் ஆகிறவர்களில் பலர் காலியிடம் அதிகமுள்ள வட மாவட்டங்களுக்கு வருகிறார்கள். வாய்ப்புக் கிடைத்த முதல் மாறுதல் கலந்தாய்விலேயே சொந்த ஊர்ப் பக்கம் போகிறார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, அதைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனால் அந்த இடம் அடுத்த நியமனம் வரை காலியாகவே கிடக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை எடுத்துக்கொள்ளச் சொல்லி 2022ல் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். பிறகு 12,000, 15,000, 18,000 என உயர்த்தினார்கள். இந்தச் சம்பளத்துக்கு மலையடிவாரக் கிராமத்துக்குக் கணித ஆசிரியர் வந்து மூன்று வருடம் தங்குவார் என்று எதிர்பார்க்க முடியாது. வட்டாரத்துக்கு ஆறு, எட்டு என்று தேர்ந்தெடுத்த பட்டியலில் உள்ள பள்ளிகளின் காலியிடங்களைக் கலந்தாய்வில் முதலில் நிரப்ப வேண்டும். அங்கிருந்து மாறுதல் பெறுகிறவரை, மாற்று ஆள் வந்து சேர்ந்த பிறகே விடுவிக்க வேண்டும். மூன்று வருடம் அங்கே வேலை செய்தவருக்கு அடுத்த கலந்தாய்வில் முன்னுரிமை கொடுக்க வேண்டும். 'பொறுப்புத் தலைமையாசிரியர்' வைத்துப் பட்டியல் பள்ளி ஒன்றுகூட ஓடக் கூடாது.

பண விஷயம். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வி (சமக்ர சிக்ஷா) என்ற மத்திய, மாநில அரசுகளின் கூட்டுத் திட்டத்தில் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையை வைத்து வருகிறது. 101 முதல் 250 பேர் என்றால் 50,000 ரூபாய், 30 பேருக்குள் என்றால் 10,000. தரம் குறைந்து பிள்ளைகள் வெளியேறும் பள்ளிக்குப் பணமும் குறைகிறது, கரண்ட் பில்லும் துடைப்பமும் சாக்பீஸும் குறைவதில்லை. போதாக்குறைக்கு இந்தத் திட்டத்தில் 2024-25க்கான சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்து, 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். பட்டியல் பள்ளிகளுக்கு மட்டும் மாநிலமே ஒரு சிறு நிதியை ஜூன் மாதத்திலேயே கொடுத்துவிடலாம். மார்ச் கடைசியில் வந்து பில்லுக்காகச் செலவழியும் பணத்தால் அந்த வருடப் பிள்ளைகளுக்கு ஒரு பயனும் இல்லை.

மாவட்ட அளவில் செய்ய வேண்டியது குறைவு, ஆனால் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். பட்டியல் பள்ளிகளுக்கு அறிக்கைகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும். வேலை நாளில் அந்த ஆசிரியர்களைக் கூட்டத்துக்கு அழைக்கக் கூடாது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர்கள் மாதம் ஒருமுறை பயிற்றுநர்களோடு உட்கார்ந்து, எந்தப் பள்ளி நகரவில்லை, ஏன் என்று மட்டும் பார்க்க வேண்டும். முதன்மைக் கல்வி அலுவலரிடம் இயக்குநரகம் கேட்க வேண்டிய கேள்வியும் மாற வேண்டும். 'எத்தனை பள்ளி பார்வையிட்டீர்கள்' என்று கேட்டால் எண்ணிக்கைதான் வரும். 'ஜூனில் வாசிக்கத் தெரியாதிருந்த பிள்ளைகளில் டிசம்பரில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள்' என்று கேட்கட்டும்.

ஒரு பள்ளி தேறிவிட்டது என்று தெரிந்த மறுநாளே பயிற்றுநரைத் திரும்ப அழைத்துக்கொள்வதும் வழக்கமாக நடக்கிற தவறு. மூன்றாம் ஆண்டு வாரம் ஒரு நாள், நான்காம் ஆண்டு மாதம் ஒரு நாள் என்று படிப்படியாக விலக வேண்டும். புதிதாக மாறுதலில் வந்த ஆசிரியர் இருந்தால் அவருக்காக மட்டும் முதல் பருவம் முழுவதும் மறுபடி வாரம் இரண்டு நாள் போக வேண்டும்.