கடை மூடுவது கடைசியாகத் தெரிவது கடைப் பிள்ளைகளுக்குத்தானா?

சூப்பர் மார்க்கெட்டோ மருந்துக் கடையோ, மூடப்போகிறார்கள் என்றால் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் சொல்லியாக வேண்டும். இதைச் சொன்னால் "அதான் ஏற்கெனவே சட்டம் இருக்கே" என்கிறார்கள்.

இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை அனுப்ப வேண்டுமானால் தகுந்த காரணம் வேண்டும். ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம். எதைக் கொடுப்பது என்பது முதலாளி இஷ்டம். நொடித்துப்போய் மூடுகிற கடையில் கல்லாவே காலி. அங்கே நோட்டீஸும் வராது, சம்பளமும் வராது. மத்தியச் சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் உண்டு, ஆனால் அது போவது அரசாங்கத்துக்கு. அதுவும் 50 பேருக்குக் குறைவு என்றால் தேவையில்லை. தெருமுனைக் கடையில் எங்கே 50 பேர்?

சுபிக்ஷா ஞாபகம் இருக்கும். 1997-ல் சென்னையில் ஆரம்பித்து மளிகை, காய்கறி, மருந்து, செல்போன் என்று நாடு முழுக்க சுமார் 1,600 கடை வரை போனது. 2009 தொடக்கத்தில் மொத்தமும் படுத்துவிட்டது. ஊழியர்களுக்குச் சம்பள பாக்கி. செக்யூரிட்டிக்கே பணம் போகாமல் காவலாளிகள் விலகிக்கொள்ள, பல கடைகளில் சரக்கு சூறைபோனது. அதன் நிறுவனர் நடத்திய நிதி நிறுவனத்தில் டெபாசிட் போட்டவர்களுக்கு டான்பிட் என்கிற முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருந்தது, சிறப்பு நீதிமன்றம் இருந்தது. தாமதமாகவேனும் 2023-ல் தண்டனை வந்தது. அந்தக் கடைகளில் பில் போட்ட பிள்ளைகளுக்கு என்ன இருந்தது?

முன்கூட்டியே சொன்னால் டிஸ்ட்ரிபியூட்டர் கடன் தரமாட்டார், ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்பது முதலாளிகள் வாதம். கொஞ்சம் நியாயம்தான். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டருக்குத் தெரியாமல் எந்தக் கடையும் மூடுவதில்லை. செக் திரும்பிய அன்றே அவர் வண்டியை நிறுத்திவிடுவார். அப்புறம் ரேக்கில் முன்வரிசைக்கு மட்டும் பிஸ்கட் பாக்கெட்டை இழுத்து அடுக்கி, பின்னால் வெறும் பலகையாக இருக்கும். அப்படி அடுக்கச் சொல்லி நிற்கவைப்பதும் அந்தப் பிள்ளைகளைத்தான். "புது ஸ்டாக் வருது" என்று அவர்களுக்குச் சொல்லப்படும், அவர்கள் நமக்குச் சொல்வார்கள்.

ஒரு மாதச் சம்பளம் கையில் கொடுத்தாலும் போதாது என்பேன். வெளியூரிலிருந்து வந்து கடை கொடுத்த ரூமில் தங்கியிருப்பவருக்கு வேலையோடு படுக்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் போகிறது. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் கையெழுத்துப் போட ஹெச்.ஆர். என்று ஒருவர் சீட்டில் இருக்க வேண்டும். ஷட்டர் இறங்கிய பிறகு யாரைத் தேடுவது?

எனவே நோட்டீஸ் ஊழியர் கையில் வர வேண்டும். தமிழிலும், வடக்கிலிருந்து வந்த பையன்கள் இருந்தால் இந்தியிலும். ஆள் எண்ணிக்கை வரம்பு கூடாது. கொடுக்காத முதலாளியின் சொந்தச் சொத்திலிருந்து சம்பள பாக்கியை வசூலிக்க வழி வேண்டும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் இதே 1947 சட்டத்தைத்தான் திருத்தினார்கள். பிரிவு 41-ஐயும் திருத்தலாம். அடுத்த முறை தொழிலாளர் துறை மானியக் கோரிக்கை வரும்போது எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வாவது எழுந்து கேட்டால் சரி.